சர்ச்சுவில் ராத்தங்காதீர்கள்

மே பிறந்தால் போதும், இன்பாக்ஸ் நிறைய லடாக் பைக் பயணக் கேள்விகள். "அண்ணா, 350 ஏறுமா, இல்ல 450 எடுத்துடட்டுமா?" "டயர் மாத்தணுமா?" "சேடில் பேக் எது நல்லது?" இதற்கெல்லாம் பதில் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "ராத்திரி எங்கெங்க படுக்கறீங்க? ஊர் பேரை மட்டும் வரிசையா சொல்லுங்க தம்பி." மணாலி, சர்ச்சு, லே என்று பதில் வந்தால் அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடாது.

மணாலியில் கிளம்பி சர்ச்சுவில் கூடாரம், மறுநாள் லே. பேக்கேஜ் விற்கிறவர்கள் பல பேர் தலையில் கட்டுவது இந்த அட்டவணையைத்தான். மேப்பில் பார்த்தால் குறை சொல்லவே முடியாது. மொத்தம் சுமார் 430 கிலோமீட்டர், சர்ச்சு ஏறக்குறைய நடுவில். ஆனால் மேப்பில் தூரம்தான் தெரியும், உயரம் தெரியாது.

உயரத்தைப் பார்ப்போம். மணாலி 2,050 மீட்டர், ஊட்டியைவிடச் சற்றுக் கீழே. சர்ச்சு சுமார் 4,290. தமிழ்நாட்டில் நாம் சாலையில் ஏறிப் போகிற உச்சம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். லடாக் பக்கத்தில் 'தாழ்வான ஊர்' என்று சொல்லப்படும் கார்கிலே 2,676. அதாவது நம்ம ஊர் மலை உச்சி முடிகிற இடத்துக்கும் மேலேதான் அவர்களுடைய பள்ளத்தாக்கு கிடக்கிறது. மெரினா பக்கத்தில் பிறந்து வளர்ந்த நுரையீரலை ஒரே பகலில் 4,290-க்குக் கொண்டுபோய், "படுத்துத் தூங்கு" என்றால் அது எப்படித் தூங்கும்?

மலை மருத்துவத்தில் ஒரு எளிய கணக்கு உண்டு. 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், படுக்கிற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே. மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை ஏறாமல் ஓய்வு எடு. கவனியுங்கள், கணக்கு *படுக்கிற* உயரத்துக்குத்தான். பகலில் 5,000 மீட்டர் கணவாயைத் தாண்டிவிட்டு, ராத்திரி 3,300-க்கு இறங்கிவிட்டால் உடம்பு பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். ஏனென்றால் உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வருகிற உயர நோய், கணவாயின் உச்சியில் போட்டோ எடுக்கும்போது வருவதைவிட, ஏறி ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கழித்து வருவதே அதிகம். தூக்கத்தில் மூச்சும் குறையும், ரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் இறங்கும். அதனால்தான் சாயங்காலம் சர்ச்சுவில் கூடாரம் முன்னால் நின்று ஸ்டேட்டஸ் போட்டவன் நள்ளிரவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

இதோடு போயிருந்தால்கூட நான் இவ்வளவு நீட்டி எழுத மாட்டேன். சர்ச்சுவின் நிஜமான ஆபத்து வேறு. உயர நோய் முற்றினால் மருந்து ஒன்றுதான், கீழே இறங்குவது. சர்ச்சுவிலிருந்து எந்தப் பக்கம் இறங்குவீர்கள்? மணாலிப் பக்கம் திரும்பினால் 4,890 மீட்டரில் பாரலாச்சா லா ('லா' என்றால் கணவாய்). லே பக்கம் போனால் காட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகள், நகீ லா, 5,000-ஐத் தாண்டிய லாச்சுலுங் லா, கடைசியில் 5,300-க்கும் மேலே டங்லாங் லா. இறங்க வேண்டியவன் முதலில் ஏற வேண்டும். ராத்திரி, குளிர், போன் சிக்னலும் பேருக்குத்தான். நுரையீரலில் நீர் கோத்துவிட்டால் விடியும்வரை காத்திருக்க நேரம் இருக்காது.

சர்ச்சு தாண்டி லே போகிற வழியில், பாங் என்ற இடத்தில் ஒரு தாபாவில் மேகி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பார்த்தேன், சர்ச்சுவில் ராத்தங்கிவிட்டு வந்த ஒரு திருப்பூர் கோஷ்டி. அதில் ஒரு பையன் வாசலில் குனிந்து வாந்தி எடுக்கிறான், நேராக நடக்கவே தடுமாறுகிறான். கூட வந்தவர்கள், "நைட்டு சரியா சாப்பிடல, அதான்" என்கிறார்கள். நடை தடுமாறுவது மூளையில் நீர் கோக்கத் தொடங்கியதற்கு அடையாளம், பசிக்கு அல்ல. தாபா நடத்துகிற லடாக் அம்மா ஒரு பார்வையிலேயே கண்டுகொண்டார். இந்தியில் திட்டிக்கொண்டே ராணுவ முகாமின் மருத்துவ அறைக்குக் கூட்டிப்போக வைத்தார். ஆக்சிஜன் வைத்து, காரில் ஏற்றி அனுப்பினார்கள். அவன் கூட்டத்திலேயே நல்ல திடகாத்திரமானவன். இதையும் பலர் நம்புவதில்லை: ஜிம் உடம்புக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. திடமானவர்கள்தான் "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று இழுத்துக்கொண்டு போய் மாட்டுகிறார்கள்.

மாத்திரை பற்றிக் கேட்பார்கள். அசட்டசோலமைடு, கடையில் டயமாக்ஸ் என்று கேட்டு வாங்குவது. உபயோகமான மருந்துதான், ஆனால் டாக்டரிடம் கேட்டுவிட்டு. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். மாத்திரை போட்டுவிட்டதால் சர்ச்சுவில் படுக்கலாம் என்பது ஹெல்மெட் போட்டதால் ஒன்வேயில் எதிரே போகலாம் என்பது மாதிரி. மணாலியிலும் லேயிலும் விற்கிற ஆக்சிஜன் டப்பா இன்னும் மோசம். மூக்கில் வைத்து அழுத்தினால் சில நிமிடம் வரும். அதற்குமேல் அது கொடுப்பதெல்லாம் பொய்யான தைரியம்தான். கேம்ப்ஃபயரும் பாட்டிலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

சரி, எப்படித்தான் போவது? என் கட்சி ஸ்ரீநகர் வழி. ஸ்ரீநகர் 1,600-க்குள். சோனமார்க் தாண்டி ஜோஜி லா, 3,528 மீட்டர்தான், ஆனால் பயத்துக்குக் குறைவில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம், நடுவில் சேற்றில் ஊர்ந்து போகிற ராணுவ லாரி வரிசை. அங்கே அவசரப்பட்டு லாரியை முந்தாதீர்கள். பிறகு திராஸ். கார்கில் போர் நினைவிடத்தில் இறங்கி நடந்துவிட்டு, எதிரே டோலோலிங் மலையை ஒரு முறை நிமிர்ந்து பாருங்கள். ராத்திரி கார்கில். முடிந்தால் சுரு ஆற்றங்கரையில் இன்னொரு ராத்திரியும். மறுநாள் நமிகா லா, அப்புறம் 4,108 மீட்டரில் ஃபோட்டு லா, அந்த நெடுஞ்சாலையில் அதுதான் உச்சம். இறங்கினால் லாமாயுரு, மஞ்சள் களிமண் குன்றுகள் வரிவரியாக அரித்துக் கிடக்கும். சாயங்காலத்துக்குள் லே, 3,500. படுக்கிற உயரம் மட்டும் பாருங்கள்: 1,600, 2,676, 3,500. 3,000-ஐத் தாண்டுகிற கடைசித் தாவல் அந்தக் கணக்குக்குக் கொஞ்சம் பெரிசு, அதனால் லேயில் முழுசாக இரண்டு நாள் வண்டிச் சாவியைத் தொடாமல் இருங்கள். விமானத்தில் நேராக லேயில் இறங்கி அங்கேயே வாடகை வண்டி எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சாந்தி ஸ்தூபி படிக்கட்டைக்கூட முதல் நாளே ஓடி ஏற வேண்டாம்.

லேயிலிருந்து கர்துங் லா சுமார் 40 கிலோமீட்டர். எல்லோரும் பயப்படுகிற கணவாய். என் கணக்கில் இது சர்ச்சுவைவிட எவ்வளவோ சாது. மேலே காலாற நிற்பது கால் மணி நேரம், பிறகு இறங்கி நுப்ராவில் ஹுண்டர் போய்ச் சேர்ந்தால் அங்கே சுமார் 3,100 மீட்டர். லேயைவிடக் கீழே! நன்றாகத் தூக்கம் வரும். அதற்கு அப்புறம் பாங்கோங் ஏரி, அது 4,250-க்கு அருகில். ஸ்ரீநகரில் தொடங்கி இவ்வளவு நாள் பழகிய உடம்புக்கு அது பெரிய அதிர்ச்சியாக இருக்காது.

கர்துங் லா என்றதும் அந்தப் பலகை ஞாபகம் வருகிறது. 18,380 அடி, உலகத்திலேயே உயரமான வாகனச் சாலை என்று வருடக்கணக்கில் எழுதி வைத்திருந்தார்கள். ஜிபிஎஸ் வைத்து அளந்தவர்கள் சொல்வது 5,359 மீட்டர், அதாவது 17,582 அடி. அந்தப் பட்டமும் போய், 2021-ல் 19,024 அடி உம்லிங் லாவுக்குக் கின்னஸ் சான்றிதழ் வந்தது. 2025 அக்டோபரில் 19,400 அடியில் மிக் லாவுக்கே சாலை போட்டுவிட்டது எல்லைச் சாலை அமைப்பு. ஸ்டிக்கர் ஒட்டுவதற்காக ஏறுகிறவர்களுக்கு இனி வருடத்துக்கு ஒரு புது ஸ்டிக்கர். ஏறுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் உம்லிங் லா போக ஹான்லேயில் படுக்க வேண்டும், அதுவும் 4,200-க்கு மேலே. அதை முதல் வாரத்தில் வைக்காதீர்கள்.

இந்தச் சாலையை யார் போடுகிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? ஜார்க்கண்டின் தும்கா பக்கத்திலிருந்து வரும் தொழிலாளர்கள். நாம் கால் மணி நேரத்தில் மூச்சு வாங்கி இறங்கி ஓடுகிற உயரத்தில் தார் டிரம் உருட்டி, கல் உடைத்து, தகரக் கொட்டகையில் மாதக்கணக்கில் படுத்து எழுகிறார்கள். அவர்களைக் கடக்கும்போது வேகத்தைக் குறைக்கக்கூட நம்ம ஆட்களில் பலருக்கு மனம் வருவதில்லை. புழுதியை அவர்கள் முகத்தில் அடித்துவிட்டு மேலே போய் 'மரியாதை', 'பணிவு' என்று கேப்ஷன்.

2025 ஏப்ரலில் பகல்காமில் நடந்ததற்குப் பிறகு, காஷ்மீர் என்றாலே வீட்டில் அனுமதி கிடைப்பதில்லை என்று பலர் சொல்கிறார்கள். நியாயம்தான், வீட்டாரிடம் போய் நான் வாதாட முடியாது. மணாலி வழிதான் என்றால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. 2020-ல் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம் வந்த பிறகு ரோதாங் கணவாய் ஏறாமலே லாஹௌல் பள்ளத்தாக்குக்குப் போய்விடலாம். ஜிஸ்பாவில், சுமார் 3,200 மீட்டரில், இரண்டு ராத்திரி படுங்கள். ஒன்று அல்ல, இரண்டு. நடுவில் உள்ள நாளில் சும்மா பாகா ஆற்றங்கரையில் உட்காருங்கள். மூன்றாம் நாள் விடிவதற்குள் கிளம்பி, சர்ச்சுவில் காலைச் சாப்பாடு, பாங்கில் மதியம், மோரே சமவெளி தாண்டி ராத்திரி லே. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், இடுப்பு ஒடியும். ஒடியட்டும். படுக்கிற உயரம் 3,200-லிருந்து 3,500, அவ்வளவுதான் ஏறியிருக்கும்.

விடியலில் கிளம்புவதில் இன்னொரு லாபமும் உண்டு. சாலைக்குக் குறுக்கே ஓடுகிற பனிநீர் ஓடைகள் காலையில் கணுக்கால் அளவு இருக்கும். வெயில் ஏறி மேலே பனி உருக உருக, மதியத்துக்கு மேல் அதே இடத்தில் தண்ணீர் இன்ஜினைத் தொடும். மதியம் மூன்று மணிக்கு வாட்டர் கிராசிங்கில் விழுந்து ஷூவுக்குள் ஐஸ் தண்ணீரோடு நிற்கிறவர்களில் பல பேர் காலை ஒன்பது மணிக்கு ஹோட்டலில் பராத்தாவுக்குக் காத்திருந்தவர்கள்தான்.

வண்டி பற்றிக் கேட்டீர்களே. 350 தாராளமாகப் போதும். 5,300 மீட்டரில் காற்றழுத்தம் ஏறக்குறைய பாதிதான், ஆகவே எந்த வண்டியானாலும் இழுவை செத்துவிடும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் காற்றுக்குத் தக்க பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும், கார்புரேட்டர் திணறும், கரும்புகை விடும், இருந்தாலும் ஏறிவிடும். கியரைக் குறைத்து நிதானமாகப் போனால் சரி. மணாலி வழியில் 'தாண்டி' என்ற ஊரின் பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பிக்கொண்டு, கூடவே ஐந்து லிட்டர் கேன். நம்ம ஊர் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு எடுத்துக்கொள்ளுங்கள். மணாலியிலோ ஸ்ரீநகரிலோ வாடகைக்கு எடுத்த வண்டியில் நுப்ரா, பாங்கோங் போனால் லேயின் வாடகை வண்டி யூனியன்காரர்கள் நிறுத்துவார்கள். சொந்த வண்டியை ரயில் பார்சலில் அனுப்புவதற்கு இதுதான் முக்கியக் காரணம். பார்சலில் போடும்போது டேங்கைக் காலி செய்யச் சொல்வார்கள், கண்ணாடி இரண்டையும் நீங்களே கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன், ஜூலையில் போகிறவர்கள் கீழே ஊர் பெயர்களை மட்டும் வரிசையாக எழுதுங்கள். எந்த ராத்திரி எங்கே என்று. வண்டிப் படம் வேண்டாம். டென்ட்டுக்கு அட்வான்ஸ் கட்டியாச்சே என்று யோசிக்கிறவர்களும் எழுதுங்கள். போனால் போகட்டும் அந்த இரண்டாயிரம்.