தாம்பாளத்தில் நடந்த கடற்போர்

1898இல் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டபோது, நியூயார்க்கில் பிளாக்டன், ஸ்மித் என்று இரண்டு இளைஞர்கள் கடற்போரைப் படம் பிடித்துக் காட்டினார்கள். பிடித்த இடம் கியூபா கடல் அல்ல, ஒரு மேசை. போர்க்கப்பல் போட்டோக்களைக் கத்தரித்து மரக்கட்டையில் ஆணியடித்து, ஓர் அங்குலத் தண்ணீரில் விட்டு, நூல் கட்டி இழுத்திருக்கிறார்கள். பீரங்கி வெடிக்க ஒரு சிட்டிகை வெடிமருந்து. புகைக்கு பிளாக்டன் சுருட்டு ஊத, அவர் மனைவி சிகரெட்டை இழுத்து இருமிக்கொண்டே ஊதினாராம். இதெல்லாம் ஸ்மித் தன் வயதான காலத்தில் எழுதிவைத்தது. பழைய சினிமாக்காரர் சொல்லும் கதை, மசாலா கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

இதைச் சொன்னால் எல்லோரும் "அப்பவே ஃபேக் வீடியோவா!" என்று சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடற்போரில் பார்க்க ஒன்றுமே கிடையாது என்பதுதான் விஷயம். அதே போரில், பிலிப்பைன்ஸின் மணிலா விரிகுடாவில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி டியூயி சுட ஆரம்பித்தபோது இரண்டு தரப்புக்கும் இடையே ஏறக்குறைய 5 கிலோமீட்டர். அந்தக் காலத்துக் கேமராவைக் கப்பலிலேயே கொண்டுபோய் வைத்திருந்தாலும், நாலு கரும்புள்ளியும் புகையும்தான் பதிவாகியிருக்கும். நம்ம சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு போட்டது. பர்மா ஆயில் டாங்கிகள் எரிந்தன, மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார்கள், 'அவன் சரியான எம்டன்' என்று தமிழில் ஒரு சொல்லே பிறந்தது. ஆனால் அன்று கரையில் இருந்தவர்களில் எத்தனை பேர் கப்பலைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? இருட்டில் ஒரு வெளிச்சம், அப்புறம் சத்தம், அப்புறம் நெருப்பு. அவ்வளவுதான்.

ஐந்து கிலோமீட்டரை ஒரு சாணாகச் சுருக்கினால்தான் அதைக் காட்டவே முடியும்.

போன மாதம் அக்கா பையனோடு சேர்ந்து நானும் முயன்று பார்த்தேன். தாம்பாளத்தில் தண்ணீர், காலண்டர் அட்டையில் கப்பல்கள், பின்னால் நாலு ஊதுபத்தி. புகை பிரமாதம். கெடுத்தது தண்ணீர்தான். கப்பலைச் சின்னதாக்கலாம், துளியைச் சின்னதாக்க முடியாதே! தெறித்த ஒரு சொட்டு பீரங்கி அளவுக்கு இருந்தது. போனை ஸ்லோமோஷனில் வைத்த பிறகுதான் அலைக்குக் கொஞ்சம் எடை வந்தது. பையனுக்கு ஊதுபத்தி வாசனையில் தும்மல் நிற்கவில்லை, பாவம் அந்த அம்மாளின் இருமல் எனக்குப் புரிந்தது.

பிரான்சில் சினிமா முன்னோடி மெலியே வேறு வழி பிடித்தார். 1897இல், கிரேக்க-துருக்கிப் போருக்காக, கப்பலின் மேல்தளத்தைச் செட் போட்டு அந்தச் செட்டையே ஆட்டினார். கடலைக் காட்டுவதைவிட இது கெட்டிக்காரத்தனம் என்பேன்.

முப்பது வருடம் கழித்து, 1927இல், பிரிட்டிஷ் இயக்குநர் வால்டர் சம்மர்ஸ், 1914இல் பிரிட்டனும் ஜெர்மனியும் மோதிய கொரோனெல், ஃபாக்லாந்து கடற்போர்களைப் படமாக எடுத்தபோது பிரிட்டிஷ் கடற்படை நிஜப் போர்க்கப்பல்களையே கொடுத்தது. ஃபாக்லாந்தில் பிரிட்டிஷார் எதிர்கொண்டது ஜெர்மன் அட்மிரல் ஸ்பீயின் கப்பல் அணியை. நம்ம எம்டன் அதிலிருந்து பிரிந்து வந்ததுதான். நிஜக் கப்பல், நிஜக் கடல், நிஜ மாலுமி எல்லாம் இருந்தும் தூரம் மட்டும் சம்மர்ஸுக்கும் வழிவிடவில்லை. ஃபாக்லாந்தில் துரத்திப்போன பிரிட்டிஷ் கப்பல்கள் சுட ஆரம்பித்தது ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தொலைவிலிருந்து. அதனாலோ என்னவோ, அந்தப் படத்தில் என் மனதில் நிற்கும் பகுதியில் ஒரு குண்டுகூட வெடிப்பதில்லை. இங்கிலாந்தின் டெவன்போர்ட் கப்பல் தளத்தில் இரண்டு போர்க்கப்பல்களை அவசர அவசரமாகக் கடலுக்குத் தயார்செய்கிறார்கள். இயந்திரமும் மனிதக் கைகளுமாகக் காட்சிகள் ஓடுகின்றன. நிஜத்தில் வேலை முடியவில்லை. தொழிலாளர்கள் சிலரையும் ஏற்றிக்கொண்டுதான் அவற்றில் ஒன்றான இன்வின்சிபிள் கிளம்பியது.

அந்த இன்வின்சிபிள் 1916இலேயே ஜட்லாந்து போரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கிவிட்டது. படத்தில் அதன் வேஷம் கட்டியது வேறொரு கப்பல்.