நீல நிறப் பாக்கெட் பாலில் சத்து இல்லையா?

"மலைக்குளிரில் எருமைப் பாலோ ஆரஞ்சு பாக்கெட் பாலோ குடித்தால்தான் உடல் கொழுப்பு கரையும், நீல பாக்கெட் வெறும் தண்ணீர், அதில் கால்சியம் கிடையாது" என்று ஊட்டி, குன்னூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. கால்சியமும் புரதமும் கொழுப்பில் இல்லை. கொழுப்பல்லாத இதர சத்துகளில் இருக்கின்றன. அவை நீலத்தில் 8.5 சதவீதம், ஆரஞ்சில் 9, பெரிய வேறுபாடில்லை. நீல பாக்கெட்டில் வரும் சமன்படுத்திய பால் தயாரிக்கையில் பால்பவுடரும் தண்ணீரும் சேர்க்க விதிமுறை இடமளிப்பது உண்மையே; அதைக் கலப்படம் என்பது அநியாயம். கொழுப்போடு குறையக்கூடியது வைட்டமின் ஏ. செறிவூட்டிய பாலில் அதையும் வைட்டமின் டி-யையும் சேர்க்கிறார்கள்.

200 மில்லி ஆரஞ்சு பாலில் ஏறக்குறைய 175 கலோரி, நீலத்தில் 120. எந்தப் பாலும் கொழுப்பைக் கரைக்காது. மொத்தக் கலோரி குறைந்தால்தான் எடை குறையும். குளிருக்காக நாளெல்லாம் டீ குடிப்பவர்கள் சர்க்கரையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு தேக்கரண்டிக்கு 20 கலோரி வீதம், கிளாஸுக்கு இரண்டு கரண்டி போட்டு ஐந்து கிளாஸ் குடித்தால் 200 கலோரி ஆகிவிடும். பாக்கெட்டை மாற்றி மிச்சப்படுத்தியது அதிலேயே போய்விடும்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும், வீட்டில் யார் எடை குறைத்தாலும், கொழுப்பு நீக்கிய பாலைக் கொடுக்கக் கூடாது.