கிளாரியைப் பிடிக்காமலேயே ஆறு புத்தகம் படித்தேன்

கிளாரி என்ற பெண் நாயகியாக வரும் ஆங்கில நாவல் வரிசை ஒன்றைப் பற்றிச் சனிக்கிழமை கோவில் மண்டபத்தில் பேசினேன். அங்கே நடந்ததை வந்திருந்தவர்கள் பார்த்தீர்கள். வராதவர்களுக்கும் இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள். அதனால் முழுவதையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. "நாயகியையே பிடிக்கவில்லை என்கிறாய், அப்புறம் எதற்கம்மா ஆறு புத்தகம்? வீட்டில் வேலை ஒன்றும் இல்லையா?" என்று கூட்டத்திலிருந்த ஒரு பெரியவர் நம் மொரீஷியஸ் கிரியோலில் கேட்டதும் மண்டபமே சிரித்தது. நான் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் என் மகள் இருந்தாள். மூன்று நாளாக அது நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது. அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே சொல்கிறேன்.

கிளாரியை எனக்குப் பிடிக்காது. அவள் வரும் கதையை எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டும் உண்மை. ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை நான் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

படிக்காதவர்களுக்காக நாலு வரி. கசாண்ட்ரா கிளேர் எழுதிய 'தி மோர்ட்டல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்' வரிசையில் ஆறு நாவல்கள். முதலாவது 2007இல் வந்தது, கடைசி 2014இல். நியூயார்க்கில் 15 வயதுப் பெண் கிளாரி. ஒரு நாள் அவள் அம்மா காணாமல் போகிறாள். அப்புறம்தான் தெரிகிறது, அந்த நகரத்துக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத இன்னொரு நகரம் இருக்கிறது, உடம்பில் குறிகள் வரைந்துகொண்டு பேய்களை வேட்டையாடும் ஒரு கூட்டம் இருக்கிறது, அம்மா அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள் என்று. நமக்குப் பாழடைந்த தேவாலயமாகத் தெரியும் கட்டடம் அவர்களுடைய இருப்பிடம். கல்லறைத் தோட்டத்துக்கு அடியில் ஒரு நகரம், அங்கே வாய் தைக்கப்பட்ட துறவிகள். இரத்தக்காட்டேரிகள் வசிக்கும் ஹோட்டலின் பெயர் 'துமோர்'. பிரெஞ்சில் 'மோர்' என்றால் மரணம். பிரெஞ்சு தெரிந்த நமக்கு அந்தப் பெயரைக் கேட்டதுமே முதுகு சிலிர்க்கும்.

மகள் முதல் பாகத்தைப் பிரெஞ்சில் வாங்கி வந்தாள். புயல் எச்சரிக்கை வந்து பள்ளிக்கூடம் மூடி, மின்சாரம் போய், வீட்டுக்குள் அடைந்து கிடந்த இரண்டு நாளில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்து முடித்தேன். மீதி ஐந்தையும் ஆங்கிலத்தில் தேடித் தேடி வாங்கினேன். அதில் மாக்னஸ் பேன் என்று ஒரு மந்திரவாதி, டச்சுக்காரர்கள் ஆண்ட பட்டாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், பிறந்தவன். இடையில் சில வருஷம் தவிர, 1638 முதல் 1710 வரை நம் மொரீஷியஸில் இருந்தவர்களும் அதே டச்சுக்காரர்கள்தானே. நியூயார்க் கதை ஒன்றில் நம் கடல் பக்கத்து ஊர்ப் பெயர் வந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? இதையும் சனிக்கிழமை சொல்ல வைத்திருந்தேன்.

சரி, கிளாரி ஏன் பிடிக்கவில்லை? யார் சொன்னாலும் கேட்க மாட்டாள். இரு என்றால் ஓடுவாள். அவள் ஓடிய இடத்தில் வேறு யாராவது அடிபடுவார்கள். பெரும்பாலும் அது சைமன், சின்ன வயதிலிருந்து அவளுடன் சுற்றும் பையன். முதல் புத்தகத்தில் அவளுடன் ஒரு விருந்துக்குப் போய், தெரியாத பானத்தைக் குடித்து எலியாகிவிடுகிறான். இரண்டாவதில் அவன் கண்ணெதிரிலேயே அவள் இன்னொருவனை முத்தமிடுகிறாள். அந்த மனக்காயத்தோடு போனவன் இரத்தக்காட்டேரியாகத் திரும்பி வருகிறான். ஆனால் நாம் யாருக்காக அழ வேண்டும் என்று கதை எதிர்பார்க்கிறது? கிளாரிக்காக.

இதைச் சொன்னால் "அப்படியானால் புத்தகத்தை மூடிவிடு" என்கிறார்கள். ஐயா, நாம் எல்லோரும் சிலப்பதிகாரம் படித்தவர்கள். கோவலனைப் பிடித்ததாலா படித்தோம்? கட்டிய மனைவியை விட்டுப் போனான், சேர்த்ததையெல்லாம் தொலைத்தான், கடைசியில் அவள் காற்சிலம்பையும் விற்கக் கொண்டுபோனான். ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லும்போது எனக்கு அவன்மேல் கோபம் வரும். பிள்ளைகளுக்கும் வரும். அதற்காக இளங்கோவடிகளை மூடி வை என்று எந்தப் பெரியவரும் என்னிடம் சொன்னதில்லை. காப்பியத்துக்கு ஒரு நியாயம், என் மகள் படிக்கும் கதைக்கு ஒரு நியாயமா?

"அது காவியம், இது பிள்ளைகள் கதை" என்பார்கள். தெரியும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. படிக்கிறவள் மனம் ஒன்றுதான் என்று மட்டும் சொல்கிறேன். பிடிக்காத ஒருவனின் பின்னால் மதுரை வரை போன அதே மனம்தான் கிளாரி பின்னாலும் போகிறது.

"வீட்டில் வேலை இல்லையா" என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. சமைத்து, துணி துவைத்து, நோட்டுப் புத்தகங்கள் திருத்திய பிறகு இரவு பத்து மணிக்கு மேல் கிடைக்கும் ஒரு மணி நேரம் என்னுடையது. தினமும் கால்பந்து ஆட்டம் பார்க்கிறவர்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. கூட்டம் முடிந்து முற்றத்தில் நின்றபோது, என்னோடு தமிழ் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். மூன்றாவது புத்தகத்தில் தேவதூதன் கிளாரிக்கு ஒரே ஒரு வரம் தருகிறான். அவள் காதலனின் உயிரைக் கேட்கிறாள். அதைச் சுயநலம் என்று நான் மண்டபத்தில் சொல்லியிருந்தேன். "சாவித்திரி எமனிடம் கேட்டால் பத்தினி, கிளாரி கேட்டால் சுயநலமா? பெண் பிள்ளை பிடிவாதமாக இருந்தால் மட்டும் ஏன் நமக்கு எரிகிறது?" என்றாள்.

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. சாவித்திரி முதலில் மாமனாருக்குக் கண் கேட்டாள், இழந்த நாட்டைக் கேட்டாள், அப்பாவுக்குப் பிள்ளைகள் கேட்டாள், அதற்குப் பிறகுதான் தனக்கு என்று அந்த ஆசிரியைக்குப் பதில் சொல்லலாம். சொன்னேன். ஆனால் சாவித்திரிக்குக் கிடைத்தது பல வரம், கிளாரிக்கு ஒன்றே ஒன்று. அதுவும் நியாயம்தான். அதே புத்தகத்தில் வேட்டைக்காரர்களும் அவர்கள் கேவலமாக நினைத்த மற்றவர்களும் தோளோடு தோள் நின்று போரிடும்படி ஒரு குறியைக் கண்டுபிடித்தவளும் கிளாரிதான். அவள் கேட்காமல் ஓடியிருக்காவிட்டால் அது நடந்திருக்காது, கதையே நடந்திருக்காது. ஒப்புக்கொள்கிறேன். அப்படியும் பிடிக்கவில்லை. பெண் என்பதால் அல்ல. நான் சைமன் என்பதால்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

எனக்கு 16 வயது. ரோஸ் ஹில்லில் பெரியம்மா வீட்டில் இருந்துதான் தைப்பூசக் காவடிக்குப் போவோம். பத்து நாள் விரதம் இருந்து, பெரியம்மா மகளும் நானும் ஆளுக்கொரு பால் செம்போடு காத்ர் போர்ன் மலைக்கோவிலுக்கு நடந்தோம். படிக்கட்டு அடிவாரத்தில் அக்கா தன் செம்பை என் கையில் கொடுத்து, "அஞ்சு நிமிஷம், வந்துவிடுகிறேன்" என்று கூட்டத்துக்குள் போய்விட்டாள். யாரைப் பார்க்கப் போனாள் என்று எனக்குத் தெரியும். அந்த வெயிலில், வெறுங்காலில், இரண்டு செம்பையும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். கீழே வைக்கக் கூடாது. மேலே போய் ஊற்றியபோது என் பால் நன்றாக இருந்தது, அவள் பால் திரிந்திருந்தது. விரதத்தில் ஏதோ குறை என்று எல்லோரும் முகம் சுளித்தார்கள். பெரியம்மா திட்டியது என்னைத்தான், சரியாகப் பிடிக்கவில்லை என்று. அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

அவள் காதலித்தவனையே கட்டிக்கொண்டு பிரான்ஸுக்குப் போய்விட்டாள். குடும்பத்தில் யார் கூடினாலும் அவள் கதைதான் பேசுவார்கள். எவ்வளவு துணிச்சல், எவ்வளவு சண்டை, எப்படி ஜெயித்தாள் என்று. அந்தக் கதையில் செம்பு பிடித்து நின்றவள் யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆனாலும் அந்தக் கதையை யார் சொன்னாலும் நான் உட்கார்ந்து கேட்பேன். நல்ல கதை அது. அவள் இல்லாவிட்டால் நான் அந்த வயதில் எந்த இடத்தையும் பார்த்திருக்க மாட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன். பிடிக்காதவள் பின்னால் ஆறு புத்தகம் போனது எனக்கு விசித்திரமாகத் தெரியவில்லை. சிரித்தவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்துக்குக் கொடுத்த என் பெயரை நான் எடுக்கப் போவதில்லை. பாதியில் விட்டதை முழுவதும் பேசுவேன்.

நேற்றிரவு அக்கா தொலைபேசியில் அழைத்தாள். மண்டபத்தில் நடந்தது அவள் காது வரை போயிருக்கிறது. யார் அந்த கிளாரி என்று கேட்டாள். கொஞ்சம் உன்னை மாதிரிதான் அக்கா என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். பிரெஞ்சில் இருக்கிறதா, பெயர் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். சைமனைப் பற்றியும் சொன்னேன். அது யார் மாதிரி என்று அவள் கேட்கவில்லை.