அண்ணா எதிர்வரிசையில் அமர்ந்திருந்த ஆண்டுகள்

அண்ணாவின் அரசியல் வாழ்வைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, 1949 செப்டம்பரில் தி.மு.க. தொடங்கப்பட்டதை விரிவாகச் சொல்லிவிட்டு நேராக 1967-ஆம் ஆண்டு வெற்றிக்குத் தாவியிருப்பது எனக்குக் குறையாகவே படுகிறது. 1957-இல் முதன்முறையாகத் தேர்தலில் போட்டியிட்ட அக்கட்சி 15 இடங்களை வென்றபோது, காஞ்சிபுரத்திலிருந்து சட்டமன்றம் சென்ற அண்ணாவும், குளித்தலையில் வென்ற மு. கருணாநிதியும், காமராசர் அரசுக்கு எதிரே சிறு குழுவாக அமர்ந்து அவை நடைமுறைகளைக் கற்றுக்கொண்ட ஐந்தாண்டுகள் அல்லவா பின்னர் ஓர் ஆளுங்கட்சியை உருவாக்கின! மேடைப் பேச்சாளர் ஒருவர் நிதிநிலை அறிக்கையை அலசும் உறுப்பினராக மாறுவது எளிதன்று.

1962 தேர்தல் இன்னும் விந்தையானது. கட்சி 50 இடங்களாக வளர, தலைவரோ தம் சொந்த ஊரான காஞ்சிபுரத்திலேயே தோற்றார். அத்தோல்விதான் அவரை மாநிலங்களவைக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே தனி நாடு கேட்கும் திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டு மாநில உரிமை என்னும் தளத்துக்குக் கட்சி நகர்ந்ததில் அந்த தில்லி அனுபவத்துக்கும் பங்குண்டு என்பது என் கணிப்பு. மேலும், 1967-இல் அவர் வென்றது தென்சென்னை மக்களவைத் தொகுதியில் என்பதையும், முதலமைச்சரான பின் மாநிலச் சட்ட மேலவை உறுப்பினராகவே இருந்தார் என்பதையும் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம்.