காஜியை மூழ்கடித்தது குர்சுரா அல்ல

விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கிதான் 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கியை மூழ்கடித்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. காஜி மூழ்கியது விசாகப்பட்டினம் அருகே, வங்கக்கடலில். குர்சுராவுக்குத் தரப்பட்ட ரோந்துப் பகுதியோ அரபிக்கடல். காஜியை வீழ்த்தியது ராஜ்புத் என்ற போர்க்கப்பல் என்பது இந்தியக் கடற்படையின் நிலைப்பாடு. காஜிக்குள் நடந்த வெடிப்போ காஜியே விதைத்த கண்ணிவெடியோதான் காரணம் என்கிறது பாகிஸ்தான். இரண்டிலும் குர்சுரா இல்லை. ஒரே ஊர் என்பதால் குழப்பம் வந்திருக்கலாம்.

அதற்காகக் குர்சுராவின் மதிப்பு குறையாது. சோவியத்தில் கட்டப்பட்டு 1969-இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்து, 2001 வரை 31 ஆண்டுகள் உழைத்த நீர்மூழ்கி அது. உள்ளே போய்ப் பாருங்கள்: டார்ப்பிடோ (நீருக்கடியில் பாய்ந்து தாக்கும் குண்டு) குழாய்களுக்குப் பக்கத்திலேயே மாலுமிகளின் படுக்கை. அந்த இடுக்கில் வாரக்கணக்கில் வாழ்ந்தவர்களுக்கு அவர்களுடைய உண்மையான கதையே போதும்.