நாலு வருஷம் கழித்துக் கேளுங்கள்

போன வாரம் மட்டும் மூன்று பேர் இன்பாக்ஸில் வந்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கலாம்னு இருக்கேன். நீங்க வெச்சிருக்கீங்களே, எப்படி இருக்கு?" மூவருக்கும் சேர்த்து இங்கேயே விரிவாக எழுதிவிடுகிறேன். ரிசீவர் என்றால், டிவி, செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றின் சத்தத்தையும் வாங்கிப் பெருக்கி, ஹாலைச் சுற்றி வைத்த ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. எந்தக் கம்பெனி என்று மட்டும் கேட்காதீர்கள். நான் சொல்லப்போவது இன்றைக்குக் கடையில் இருக்கிற இந்த வகைப் பெட்டிகள் பெரும்பாலானவற்றுக்கும் பொருந்தும்.

2018 தீபாவளி போனஸில் வாங்கியது. ஏழு சேனல் (ஏழு ஸ்பீக்கருக்குத் தனித்தனிச் சத்தம்), தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரவைக்கிற டால்பி அட்மாஸ், 38 ஆயிரம் ரூபாய். வாங்கின முதல் வாரம் யாராவது கேட்டிருந்தால் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். ஏதோ ஒரு படத்தில் மழைக் காட்சி. தலைக்கு மேலே தண்ணீர் கொட்டுகிற சத்தத்தைக் கேட்டு அம்மா எழுந்து ஜன்னலைச் சாத்தப் போய்விட்டார். அதற்கே கொடுத்த காசு தகும் என்று தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். சத்தத்தில் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

ஆனால், வாங்குவதற்கு முன் நாம் தேடித் தேடிப் படிக்கிற கருத்துகளில் பெரும்பாலானவை இப்படிப் பெட்டியைப் பிரித்த சூட்டோடு எழுதியவை. ரிசீவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் நாலாவது வருஷத்தில்தான் தெரியவருகிறது.

எனக்குத் தெரியவந்தது 2022 ஐப்பசியில். திண்டுக்கல்லில் சாயங்காலம் நல்ல இடி மழை. டிவி ஓடவில்லை, ரிசீவரும் ஸ்டாண்ட்பையில்தான் இருந்தது. பக்கத்தில் எங்கோ ஓர் இடி இறங்கியது, வீட்டு விளக்குகள் ஒரு தடவை மினுக்கின. அவ்வளவுதான். மறுநாள் ரிசீவரைப் போட்டால் முகப்பில் எழுத்து வருகிறது, ரிமோட் வேலை செய்கிறது, டிவியில் மட்டும் 'சிக்னல் இல்லை'. கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், ரீசெட் செய்து பார்த்தேன். படத்தையும் சத்தத்தையும் ஒரே கேபிளில் கொண்டுபோகிற ஹெச்டிஎம்ஐ போர்ட்டுகள் ஆறும் ஒட்டுமொத்தமாகப் போயிருந்தன.

ஒன்பது கிலோ பெட்டி. பழைய போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மதுரை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். பத்து நாள் கழித்து ஃபோன் வந்தது. "சார், ஹெச்டிஎம்ஐ போர்டு போயிருச்சு, முழுசா மாத்தணும். 22,500 ஆகும். போர்டு வர்றதுக்கு ரெண்டு மாசம் ஆகலாம்." போர்டில் இருக்கிற ஐசியை, அதாவது சிப்பை மட்டும் மாற்ற முடியாதா என்று கேட்டேன். "நாங்க போர்டைத்தான் சார் மாத்துவோம், உள்ள கை வைக்க மாட்டோம்" என்றார். சரி, அந்தப் போர்டுக்கு எத்தனை நாள் வாரண்டி? 90 நாள். போய்த் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் ஆம்ப்ளிஃபையர் அசெம்பிள் செய்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். என் வயதுக்காரர்களுக்கு இந்த உலகம் தெரிந்திருக்கும். தொண்ணூறுகளில் பல வீடுகளில் பாடியது கம்பெனி செட் கிடையாது. சான்யோவின் எஸ்டிகே ஐசி போட்டு, தகரப் பெட்டியில் அடைத்து, பாஸ், டிரெபிள் என்று நாலு குமிழ் வைத்து இவரைப் போன்றவர்கள் கட்டிக்கொடுத்ததுதான். அப்புறம் 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடி வந்தது. டீக்கடை, மினி பஸ், திருவிழாப் பந்தல் எல்லாம் அதில்தான் அதிர்ந்தன. ஐசி வெடித்தால் காலையில் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம்.

அவரிடம் கொண்டுபோய் வைத்தேன். மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு பக்கம் பெரிய டிரான்ஸ்ஃபார்மர், அதையொட்டிக் குட்டி டம்ளர் மாதிரி இரண்டு கெபாசிட்டர்கள், நடுவே சூட்டை வெளியேற்றுகிற ஹீட்சிங்க் தகட்டில் வரிசையாக டிரான்சிஸ்டர்கள். எல்லாவற்றின் மேலும் பஞ்சு மாதிரித் தூசி. ஹீட்சிங்க் இடுக்கில் இரண்டு பல்லி முட்டை ஓடுகள். பிளோயரால் ஊதிவிட்டு, மீட்டர் வைத்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தார். "தம்பி, இந்த ஆம்ப்ளிஃபையர் செக்‌ஷன் இருக்கே, இன்னும் இருவது வருஷம் அசையாது. பின்னாடி நிக்குது பாருங்க ஒரு போர்டு, அதுதான் அடி வாங்கியிருக்கு. அது என் கைக்குச் சிக்காது." டார்ச் அடித்துக் காட்டினார். கட்டைவிரல் நகம் அளவு ஒரு கறுப்பு ஐசி. வெளியே ஒரு கால்கூடத் தெரியவில்லை, எல்லாம் அடிப்பக்கம் ஈயப் பொட்டுகளாக ஒட்டியிருக்கிறதாம். சர்க்யூட் படம் வெளியில் கிடைக்காது, அந்த ஐசியும் கடையில் கிடைக்காது.

நான் சொல்ல வந்த விஷயம் அங்கே அந்த மேசையில்தான் இருந்தது. ரிசீவர் என்று நாம் வாங்குவது இரண்டு பொருள்கள். ஒன்று, இருபது இருபத்தைந்து வருஷம் உழைக்கக்கூடிய ஆம்ப்ளிஃபையர். இன்னொன்று, நாலைந்து வருஷத்தில் பழசாகிவிடுகிற ஒரு கம்ப்யூட்டர். ஹெச்டிஎம்ஐயின் 1.4 பதிப்பு வந்தது 2009இல், 2.0 வந்தது 2013இல், 2.1 வந்தது 2017இல். டிவி மாறும்போதெல்லாம் இந்தக் கம்ப்யூட்டர் பின்தங்கிப் போகிறது. இடியிலும் முதலில் சாகிறது. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் பூட்டிவிட்டதால், சின்னது செத்தால் பெரியதையும் சேர்த்துத் தூக்கிப் போடு என்கிறார்கள். நல்ல டிரான்ஸ்ஃபார்மரையும் ஹீட்சிங்க்கையும் காயலான் கடையில் கிலோ கணக்கில் எடை போட எனக்கு மனசு வரவில்லை. கோபம்தான் வருகிறது.

பெயர் பெற்ற கம்பெனி என்பதற்காக உதிரிபாகம் கிடைக்கும் என்றும் நம்பிவிட முடியாது. ஆன்கியோ என்ற ஆடியோ கம்பெனி எவ்வளவு பெரிய பெயர்! 2022இல் ஜப்பானில் திவால் மனு கொடுத்தார்கள். பெயரும் ரிசீவர் தொழிலும் வேறு கைக்கு மாறி இன்றும் விற்பனை நடக்கிறது. ஆனால் இப்படிக் கை மாறும்போது பழைய மாடலுக்குப் போர்டு கேட்டு அலைகிறவனுக்கு யார் பொறுப்பு?

சரி, வாங்கவே கூடாதா? வாங்குங்கள். ஆனால் இதையெல்லாம் செய்யுங்கள்.

அந்த இடி விழுந்த அன்றைக்கு என் செட்டாப் பாக்ஸும் சேர்ந்தே போனது, அதை கேபிள்காரர் மாற்றிக்கொடுத்துவிட்டார். அண்ணன் சொன்ன காரணம் எனக்குச் சரியாகப் பட்டது. கேபிள் ஒயர் தெருவில் கம்பம் கம்பமாகத் தொங்கிக்கொண்டு வருகிறது. இடி இறங்கும்போது அதில் ஏறுகிற மின்சாரம் செட்டாப் பாக்ஸுக்குள் வந்து, அங்கிருந்து ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாக ரிசீவருக்குள் நுழைகிறது. ஹெச்டிஎம்ஐயில் இருப்பவை 19 ஊசிகள், அதில் ஓடுவதே அதிகபட்சம் 5 வோல்ட். பிளக்கில் ஸ்டெபிலைசர் மாட்டியிருந்தேன், வாசலில் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த கதையாகிவிட்டது. மழை இருட்டினால் சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கையும் உருவுங்கள், கேபிள் ஒயரையும் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிவிடுங்கள்.

செட்டாப் பாக்ஸை ரிசீவரில் நேரடியாகச் செருகாதீர்கள். டிவியில் செருகி, டிவியிலிருந்து ஆப்டிகல் கேபிளில் சத்தத்தை மட்டும் எடுங்கள். அதில் போவது வெளிச்சம், மின்சாரம் அந்த வழியாகத் தாண்டி வராது. டால்பி டிஜிட்டல் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், பாஸுக்கென்று ஒரு சப்வூஃபர்) தாராளமாகப் போகும். அட்மாஸ் வேண்டுமென்றால், டிவியின் சத்தத்தை ரிசீவருக்குத் திருப்பி அனுப்புகிற ஹெச்டிஎம்ஐ ஆர்க் அல்லது இ-ஆர்க் வழிதான், அப்போது அந்த ஒரு கேபிளை மட்டும் மாட்டி வையுங்கள்.

ரிசீவரின் பின்பக்கத் தகரத்தைப் புறங்கையால் தடவிப் பாருங்கள். லேசாகச் சுருசுருவென்றால், ஏதோ ஒரு கருவியின் கசிவு எர்த் ஆகாமல் நிற்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் ஹெச்டிஎம்ஐயைச் செருகி எடுப்பதே போர்ட்டைக் கொல்லக்கூடும். முதலில் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள், அப்புறம் கேபிளைத் தொடலாம்.

கண்ணாடிக் கதவு போட்ட டிவி யூனிட்டுக்குள் வைக்காதீர்கள், தலையில் செட்டாப் பாக்ஸை ஏற்றாதீர்கள். மேலே நாலு அங்குலமாவது காலியாக இருக்கட்டும். பல்லி விஷயத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். சூடான இடம் தேடி வெண்டிலேட்டர் ஓட்டை வழியாக உள்ளே போய், இரண்டு முனைகளுக்குக் குறுக்கே கிடந்தால் போர்டு காலி. பெட்டியைச் சுற்றிக் காற்று போகிற மெல்லிய வலைத்துணி கட்டி வைத்திருக்கிறேன்.

வாட் கணக்கில் மயங்க வேண்டாம். என் பெட்டியின் அட்டையில் சேனலுக்கு 145 வாட். கையேட்டின் கடைசியில் பார்த்தால், 8 ஓம் ஸ்பீக்கரில் இரண்டு சேனல் மட்டும் ஓடும்போது 80 வாட். அந்தப் பெரிய எண், ஒரே ஒரு சேனலை 6 ஓமில், 1,000 ஹெர்ட்ஸில், 10 சதவீதம் சிதைவு வரும்வரை முறுக்கி எடுத்தது. பின்பக்க ஸ்டிக்கரில் மொத்தக் கரண்ட் செலவே 430 வாட் என்று இருக்கிறது. 145ஐ ஏழால் பெருக்கிப் பாருங்கள், கணக்கு உதைக்கும். அப்படியே இரட்டிப்பு வாட் கிடைத்தாலும் காதுக்கு வித்தியாசம் 3 டெசிபல்தான். நம் ஹாலுக்கு 80 போதும் போதும்.

வசனம் புரியவில்லை, சண்டை வந்தால் வீடு இடிகிறது என்பது எல்லா வீட்டிலும் இருக்கிற புகார். எங்கள் வீட்டிலும் அம்மா ரிமோட்டைக் கையிலேயே வைத்திருப்பார். மூன்று வேலைகளில் அது தீர்ந்தது. வசனம் வருகிற சென்டர் ஸ்பீக்கரை ஸ்டாண்டின் பொந்துக்குள்ளிருந்து இழுத்து விளிம்புக்குக் கொண்டுவந்து, அடியில் மரத்துண்டு வைத்து மூஞ்சியைக் காதுப் பக்கம் நிமிர்த்தினேன். மொசைக் தரையில் பவானி ஜமுக்காளம் விரித்து, ஜன்னலுக்குக் கனமான திரை போட்டேன். அப்புறம் ராத்திரி பதினொரு மணிக்கு, ஃபேனை நிறுத்திவிட்டு, ரிசீவரோடு வந்த மைக்கை டிரைபாடில் காது உயரத்துக்கு வைத்து, ஸ்பீக்கர் சத்தத்தை ரிசீவரே சரிசெய்துகொள்கிற ஆட்டோ செட்டப்புக்கு அளவெடுத்தேன். எட்டு இடம், ஒன்றைக்கூட விடவில்லை. மைக்கை சோபா மேல் போட்டுவிட்டு அளவெடுத்தவர்கள்தான் பெரும்பாலும் 'ஆட்டோ செட்டப் வேஸ்ட்' என்கிறார்கள். முடித்ததும் மெனுவில் ஸ்பீக்கர்கள் எல்லாம் 'ஸ்மால்' என்றும், பாஸைப் பிரித்து சப்வூஃபருக்கு அனுப்புகிற இடம் 80 ஹெர்ட்ஸ் என்றும் இருக்கிறதா பாருங்கள். பாஸ் வேலை சப்வூஃபருடையது.

வாங்கும் முன் சர்வீஸ் சென்டருக்கே ஃபோன் போட்டு, இதே கம்பெனியின் ஐந்து வருஷம் பழைய மாடலுக்கு ஹெச்டிஎம்ஐ போர்டு இருக்கிறதா, என்ன விலை என்று கேளுங்கள். கடைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. ஃபோன், வீட்டு உபயோகப் பொருள், வண்டி, விவசாயக் கருவி என்று நாலு துறைக் கம்பெனிகளும் உதிரிபாக, பழுதுபார்ப்பு விவரங்களை அங்கே தர வேண்டும் என்பது நோக்கம். ரிசீவர் கம்பெனிகளும் சர்க்யூட் படத்தையும் போர்டு விலையையும் அங்கே போடட்டும். எத்தனை வருஷம் உதிரிபாகம் தருவோம் என்று பெட்டி மேலேயே அச்சடிக்கட்டும். படம் கிடைத்தால் எங்கள் அண்ணனைப் போன்றவர்கள் கற்றுக்கொண்டு செய்துவிடுவார்கள், கையில் தொழில் இருக்கிறது.

என் ரிசீவர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதிர்ஷ்டவசமாக ஆப்டிகல் வழி தப்பித்திருந்தது, டிவியிலிருந்து அதில்தான் 5.1 கேட்கிறோம். எல்லாருக்கும் இப்படி அமையாது, சில பெட்டிகளில் அந்தப் போர்டு போனால் சத்தமே வராது. அசல் அட்மாஸ் எனக்கு இனி இல்லை. மேலே மாட்டிய இரண்டு ஸ்பீக்கர்களுக்கு ரிசீவரே ஊகித்துக் கொடுக்கிற சத்தம்தான்.

நாலு வருஷத்துக்கு மேல் ரிசீவர் வைத்திருப்பவர்கள் கீழே எழுதுங்கள். எந்த வருஷம் வாங்கினீர்கள், முதலில் எது போனது, சரிசெய்ய எவ்வளவு கேட்டார்கள், போர்டு கிடைத்ததா? இன்பாக்ஸில் கேட்ட அந்த மூன்று பேரும் அதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகட்டும்.