மயக்க மருந்தின் மேல் போடும் பழி

எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு ஒருவருக்கு நினைவு தடுமாறினால் உடனே தீர்ப்பு வந்துவிடும்: "மயக்க மருந்து கூடிவிட்டது." இல்லையென்றால், "வயதாகிவிட்டது, விடுங்கள்." இரண்டுமே மேற்கொண்டு யாரும் கேள்வி கேட்காமல் இருக்கச் சொல்லப்படுபவை.

அப்பத்தாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். மதுரையில் ஒரு மருத்துவமனையில் கட்டியை எடுத்தார்கள். அறுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மறுநாள் ராத்திரி, வார்டை எங்கள் வளவு என்று நினைத்துக்கொண்டு, "முகப்புக் கதவைச் சாத்துங்கள், இரண்டாங்கட்டில் ஆள் நடமாட்டம் தெரிகிறது" என்று நர்சை அதட்டினார். விடிந்ததும் பேச்சே இல்லை. சுவரைப் பார்த்தபடி கிடந்தார். "பாட்டி இன்றைக்குச் சமர்த்து" என்று பாராட்டு வேறு! இப்படித் திடீரென்று வரும் மனக்குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். கத்திக் கலாட்டா செய்யும் டெலிரியம் எல்லார் கண்ணிலும் படும். இப்படி அடங்கிக் கிடக்கும் டெலிரியத்தைத்தான் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள்.

கத்தி பட்ட இடத்தில் திசு சிதைந்ததும் எதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருட்களை ரத்தத்தில் கொட்டுகின்றன. அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற ரத்தப் புரதத்தின் அளவு இரண்டு மூன்று நாட்களில் உச்சத்துக்குப் போகும். அப்பத்தா குழம்பியதும் அந்த நாட்களில்தான். இந்த அழற்சி, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தளர்த்தி, மைக்ரோகிளியா என்ற மூளையின் காவல் அணுக்களைக் கிளப்பிவிடுவதை விலங்கு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புற்றுநோயாளிக்கோ கட்டியால் உடம்பில் முன்பே அழற்சி இருக்கக்கூடும்.

மயக்க மருந்துக்குப் பங்கே இல்லை என்று வாதாட வரவில்லை. ஆனால் இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களில் பாதிப் பேருக்கு முழு மயக்கமும் மீதிப் பேருக்கு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக முதுகுத்தண்டு ஊசியும் கொடுத்துப் பார்த்த ரீகெய்ன் ஆய்வு 2021இல் வெளிவந்தது. இரு தரப்பிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு டெலிரியம் வந்தது. அப்படியானால் அழற்சியை அடக்கிவிட்டால் போதுமா? அதுவும் அவ்வளவு எளிதில்லை. இதய அறுவையின்போது ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் டெலிரியம் குறையவில்லை.

1998இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், அறுபது தாண்டிய சுமார் 1,200 பேரைப் பார்த்தார்கள். பெரிய அறுவை முடிந்து ஒரு வாரத்தில் நாலில் ஒருவருக்கு நினைவாற்றலும் கவனமும் சரிந்திருந்தன. மூன்று மாதம் கழித்தும் பத்தில் ஒருவர் மீளவில்லை. எந்தக் கல்யாணத்தில் யார் எவ்வளவு மொய் செய்தார்கள் என்று நோட்டைத் திறக்காமலே ஒப்பித்தவர் எங்கள் அப்பத்தா. இப்போது கும்மாயத்துக்குக் கருப்பட்டி எடுக்கப் போனால், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் அலமாரி முன்னால் நிற்கிறார்.

என் கோபமெல்லாம் இதுதான். ஆபரேஷனுக்கு முன் எக்கோ எடுத்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள். இன்றைக்கு என்ன கிழமை என்று ஒருவர்கூட அவரைக் கேட்கவில்லை. முன்பு எப்படி இருந்தார் என்றே தெரியாதபோது எவ்வளவு இறங்கியிருக்கிறார் என்று எதை வைத்துச் சொல்வது? தொலைந்துவிடும் என்று கண்ணாடியையும் காது மிஷினையும் எங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கண்ணாடி, காது மிஷின், இரவில் தடைபடாத தூக்கம், சீக்கிரம் எழுப்பி நடக்கவைப்பது, போதுமான தண்ணீர், அடிக்கடி பேச்சுக் கொடுப்பது என்று இவற்றை மட்டும் ஒழுங்காகச் செய்தே, ஒரு அமெரிக்க மருத்துவமனையின் பொது வார்டில் முதியவர்களின் டெலிரியத்தை 15 சதவீதத்திலிருந்து 9.9 ஆகக் குறைத்துக் காட்டினார் ஷரோன் இனோயி என்ற முதியோர் நல மருத்துவர். அது 1999.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கு ஆபரேஷன் என்றால் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே நினைவுப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ராத்திரி கத்துகிறார் என்று அல்ப்ரஸோலம் என்ற, பதற்றம் தணித்துத் தூங்கவைக்கும் மாத்திரை கொடுக்க வந்தால், ஏன் என்று கேளுங்கள். அந்த வகை மாத்திரைகளே குழப்பத்தைக் கூட்டக்கூடும். பல காலமாகச் சாப்பிட்டு வருகிறவர் என்றால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, அதையும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.